ஒன்பது சுற்று



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள். கடை வைத்திருப்பவர்கள் நேரம் இல்லாவிட்டாலும் வாசியுங்கள்.

போன வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டு பஸார் வழியாக வந்துகொண்டிருந்தேன். ஒரு கடையின் ஷட்டர் பாதியில் இறுகி நின்றுவிட்டது. முதலாளி கீழே எண்ணெய்ப் போத்தலோடு நிற்கிறார். ஸ்டூலில் ஏறி மேல் தண்டின் ஓரத்து நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவன் என்னிடம் தரம் 10இல் விஞ்ஞானம் படிக்கிற பொடியன். நான் ரோட்டில் நின்றே கத்திவிட்டேன்.

"டேய், கைய எடு! இறங்கு கீழ!"

வகுப்பில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. பொடியன் பயந்து இறங்கிவிட்டான். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "என்ன சேர், ஒரு நட்டுத்தானே" என்றார் முதலாளி. அந்த இடத்தில் வைத்து விளக்கம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எழுதுறன், வாசிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் இது.

அந்த நட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை எனக்குப் படிப்பித்தது பாடப்புத்தகம் அல்ல. அவுஸ்திரேலியாவில் என் தம்பியின் வீட்டு முற்றத்தில் நின்ற ஒரு பழைய கேரவன். அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் இன்னொரு கதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தம்பியிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்க காக்கா" என்று சொல்லிவிட்டான்.

எங்கள் வாப்பாவை இங்கே பலருக்குத் தெரியும். லொறிப் படங்கு, ட்ரக்டர் படங்கு, கடை முன்னால் வெயிலுக்குக் கட்டுகிற படங்கு எல்லாம் தைத்தவர். சுனாமிக்குப் பிறகு முகாம்களில் கிழிந்த தறப்பாள்களைக் காசு வாங்காமல் தைத்துக்கொடுத்தவர் என்று இன்றும் சிலர் என்னிடம் சொல்வார்கள். நான் சின்ன வயதில் பின்னேரங்களில் அவருக்குப் பக்கத்தில் குந்தி இருந்து நூலுக்குத் தேன்மெழுகு பூசிக் கொடுப்பேன். அப்படியே தைக்கவும் பழகிவிட்டேன். தம்பி படிப்பில் கெட்டிக்காரன். அவனை வாப்பா ஊசி தொட விடவில்லை. 2008இல் மெல்பனுக்குப் படிக்கப் போனான். அங்கேயே கணக்காளராக வேலை, குடும்பம், வீடு.

2021 ஓகஸ்ட் கடைசியில் வாப்பா மௌத்தானார். இங்கே ஊரடங்கு. ஜனாஸாவுக்கு ஒரு பத்துப் பதினைந்து பேர். தம்பி வரவில்லை. மையவாடியிலிருந்து வந்த அன்றிரவு அவன் கோல் எடுத்தான். நான் ஒரே ஒரு வசனம்தான் சொன்னேன்.

"வாப்பாவ விட உனக்கு உன்ட வேல பெரிசாப் போச்சு. இனி எனக்கு எடுக்காத."

அவன் எடுக்கவில்லை. மூன்று வருடம். பெருநாளைக்கு உம்மாவின் போனில் ஸலாம் சொல்லுவான், நான் பதில் சொல்லுவேன். அவ்வளவுதான்.

2024 டிசம்பர் விடுமுறைக்குத் தம்பி டிக்கெட் அனுப்பினான். அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் நான் சாட்டுச் சொல்லித் தப்பிவிட்டேன். இந்த முறை உம்மா பெட்டி கட்டத் தொடங்கிவிட்டா. "ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வா மகன்" என்றா. பெட்டிக்குள் வாப்பாவின் கோணி ஊசிகளையும், ஊசியைத் தள்ளுவதற்கு அவர் உள்ளங்கையில் மாட்டுகிற கைத்தோலையும் ஒரு சாரனுக்குள் சுருட்டி வைத்தா. "இதென்னத்துக்கு உம்மா?" என்று கேட்டேன். "அவன்ட படங்கு ஒண்டு கிழிஞ்சிட்டாம்" என்றா.

விமான நிலையத்தில் தம்பி ஸலாம் சொல்லக் கை நீட்டியபோதுதான் பார்த்தேன். இடது கையில் இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டியிருந்தது. "என்ன இது?" என்றேன். "சின்ன அடி" என்றான். காரில் வரும்போது அவனுடைய மகன்தான் உண்மையைச் சொன்னான். "பெரிய வாப்பா, கேரவன்ட ஸ்பிரிங் அடிச்சது. ஒரு விரல் உடைஞ்சிட்டு."

கேரவன் என்பது காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. கட்டில், அடுப்பு, குசினி எல்லாம் உள்ளே இருக்கும். அந்த நாட்டில் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் இதை இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றுவார்கள். தம்பி பழையதாக ஒன்றை வாங்கியிருந்தான். பதினேழு அடி நீளம். அதன் பக்கச் சுவரில் நீளத்துக்கு ஒரு குழாய் பூட்டியிருக்கும். அதில் துணி சுருண்டிருக்கும். கொக்கிக் கம்பால் இழுத்தால் துணி விரிந்து வாசலுக்கு முன்னால் ஒரு விறாந்தை வந்துவிடும். இதை அங்கே ஓனிங் என்பார்கள். மோட்டர் இல்லை, பட்டன் இல்லை. கையால் இழுக்கிறதுதான். நம்ம பாஷையில் சொன்னால் சுருட்டுப் படங்கு.

கடற்கரையில் அதை விரித்துவிட்டு இவர்கள் நடக்கப் போயிருக்கிறார்கள். காற்று அடித்திருக்கிறது. வந்து பார்த்தால் துணி இரண்டு இடத்தில் பிரிந்து தொங்குகிறது, ஒரு பக்கக் கை வளைந்திருக்கிறது. எப்படியோ கையால் சுருட்டி, கயிறால் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். புதிதாய் மாற்றக் கேட்டால் 2000 டொலருக்குக் கிட்டச் சொல்லியிருக்கிறார்கள். நாமே செய்வோம் என்று யூடியூபில் பாதி வீடியோவைப் பார்த்துவிட்டு இடப்பக்கத்து நட்டைக் கழற்றினானாம். மிச்சப் பாதியில்தான் "முதலில் ஸ்பிரிங்கைப் பூட்டுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

இனி அந்த ஸ்பிரிங்கைப் பற்றிச் சொல்கிறேன். நமது ஷட்டருக்கும் இதே விஷயம்தான்.

துணி சுருளுகிற அலுமினியக் குழாயின் இரண்டு முனையிலும் உள்ளே நீளமான முறுக்கு ஸ்பிரிங் இருக்கிறது. ஸ்பிரிங்கின் ஒரு தலை குழாயோடு, மற்றத் தலை நடுவில் வருகிற ஒரு தண்டோடு. அந்தத் தண்டு சுழலாமல் வெளிக் கையில் நட்டுப் போட்டு இறுக்கியிருக்கும். துணியை இழுத்து விரிக்கும்போது குழாய் சுற்றும், உள்ளே ஸ்பிரிங் முறுகும். பூட்டைத் திறந்து விட்டால் அந்த முறுக்கு அவிழும், துணி தானாகச் சுருண்டு உள்ளே போகும். உள்ளே போவதற்கான பலத்தை நாம்தான் இழுக்கும்போது போட்டுவைக்கிறோம்.

ஆனால் துணி முழுதாய்ச் சுருண்டு மூடியிருக்கும்போதும் ஸ்பிரிங் வெறுமையாய் இருக்காது. துணி தளராமல் இறுக்கமாய் நிற்க வேண்டும் என்பதற்காக, பூட்டுகிறபோதே சில சுற்று முறுக்கித்தான் பூட்டுவார்கள். தம்பி ஏமாந்த இடம் இதுதான். மூடியிருக்கிறது, அசையவில்லை, சத்தமில்லை, அப்படியானால் உள்ளே ஒன்றுமில்லை என்று நினைத்தான். நட்டுக் கழன்றதும் தண்டு சுழன்றது. தண்டைப் பிடித்திருந்த குறட்டின் பிடி அவன் விரலில் அடித்தது. கண் இமைக்கிற நேரம்தான்.

அன்றிரவு மருமகனை, அதுதான் தம்பியின் மகனை, மேசையில் வைத்துக் கணக்குப் பார்த்தோம். குழாயின் சுற்றளவு கிட்டத்தட்ட 25 சென்ரிமீற்றர். துணி வெளியே வருகிற தூரம் 2.4 மீற்றர். அப்படியானால் முழுதாய் விரிய ஏறக்குறைய 9 சுற்று. மூடியிருக்கும்போதே 9 சுற்று முறுக்கு உள்ளே இருந்தால், விரித்த நிலையில் 18. சுற்று இரண்டு மடங்கானால் உள்ளே தேங்குகிற அழுத்த சக்தி இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் நான் எழுதுகிற விஷயம். இப்போது அதைத் தம்பியின் விரலில் பார்த்தேன். அதனால்தான் இந்த வேலையைத் துணி சுருண்டிருக்கும்போது செய்ய வேண்டும், விரித்து வைத்துவிட்டுச் செய்யக்கூடாது.

மறுநாள் காலை வேலையைத் தொடங்கினோம். துணியையும் குழாயையும் சேர்த்து மூன்று இடத்தில் பட்டியால் கட்டினேன், இடையில் விரியாமல் இருக்க. இடப்பக்கத்து ஸ்பிரிங் தம்பியின் விரலோடு முடிந்துவிட்டது. அதில் முறுக்கு இல்லை. வலப்பக்கத்தில் முழு முறுக்கும் அப்படியே இருந்தது. சில மாதிரிகளில் தண்டையும் குழாய் மூடியையும் சேர்த்து ஒரு ஊசி குத்திப் பூட்டுவதற்குத் துளை இருக்கும். ஊசியைப் போட்டுவிட்டால் முறுக்கோடு அப்படியே கழற்றி எடுக்கலாம். எங்களுடையதில் அந்தத் துளை கடல் உப்பில் அரித்து அகன்று போயிருந்தது. அதை நான் நம்பவில்லை. பிள்ளை ஓடித்திரிகிற முற்றத்தில் முறுகின ஸ்பிரிங் ஒன்று கிடக்கவும் கூடாது. முழுதாய் இறக்கிவிடுவதென்று முடிவு செய்தோம்.

இறக்குவதற்கு இரண்டு குறடு வேண்டும். கவ்வினால் பூட்டிக்கொள்கிற வகைக் குறடு. ஒருவர் தண்டைக் கவ்விக்கொண்டு அரைச் சுற்று மெதுவாய் விட வேண்டும். பிறகு மற்றவர் கவ்வ வேண்டும். மற்றவரின் குறடு பூட்டிய சத்தம் கேட்ட பிறகுதான் முதலாமவர் விடலாம். அதுவரைக்கும் மூக்குச் சொறியக்கூட ஏலாது. நானும் தம்பியும் இரண்டு ஏணியில் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். அவனுக்கு வலக்கை மட்டும்தான். மருமகன் தூரத்தில் நின்று எண்ண வேண்டும், கிட்ட வரக்கூடாது என்று சொல்லிவைத்தேன். எண்ணுவது முக்கியம். திரும்பப் பூட்டும்போது அதே எண்ணிக்கைதான் போட வேண்டும்.

நட்டைக் கழற்றினேன். அந்தப் பாரம் கைக்கு வந்ததும் எனக்கு உண்மையில் நெஞ்சு திடுக்கிட்டது. இவ்வளவு நேரமும் அசையாமல், ஒரு சத்தமும் இல்லாமல் இருந்த சாமான். "உடட்டா?" என்றேன். "பிடிச்சிட்டன், உடுங்க" என்றான். அரைச் சுற்று. இன்னொரு அரை. "ஒண்டு" என்றான் மருமகன்.

ரெண்டு. மூணு. நாலு. வேறு பேச்சில்லை. "உடட்டா", "பிடிச்சிட்டன்", "உடுங்க", "பிடிச்சிட்டன்". மூன்று வருடத்தில் நாங்கள் இருவரும் பேசிய பேச்சு எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த ஐந்து நிமிடத்துப் பேச்சு வராது.

ஆறாவது சுற்றில், என் முகத்தைப் பார்க்காமல், தண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"காக்கா, நான் அப்ளை பண்ணினன்."

"என்னத்துக்கு?"

"வாப்பாட நேரம். வெளிய போறதுக்கு அனுமதி."

உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கொரோனா காலத்தில் அவுஸ்திரேலியா உள்ளே வருவதை மட்டும் அடைக்கவில்லை. 2020 மார்ச்சிலிருந்து 2021 நவம்பர் முதலாம் திகதி வரைக்கும் அந்த நாட்டுப் பிரஜைகளும் நிரந்தரமாய் இருப்பவர்களும் நாட்டை விட்டு வெளியே போவதற்கும் விசேட அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. எனக்கு அது தெரியும். செய்தியில் வாசித்திருக்கிறேன். ஆனால் அன்றிரவு எனக்கு அது ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வர நான் இடம் கொடுக்கவில்லை என்று சொல்வதுதான் சரி.

"வந்திச்சா?" என்றேன்.

"வந்திச்சி. அடக்கி நாலாம் நாள்."

எனக்குக் கையை விட வேண்டும் போல் இருந்தது. இறங்கி எங்கேயாவது போய் நிற்க வேண்டும் போல் இருந்தது. ஏலாது. என் குறட்டில் மூன்று சுற்று மிச்சம் இருக்கிறது. அவனுக்கும் அப்படித்தான். விட்டுவிட்டுப் போக இருவருக்கும் வழியில்லாத இடம்.

"ஏன் நீ சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்ல காக்கா. எடுக்காத எண்டுதானே சொன்ன."

நான் ஒன்றும் சொல்லவில்லை. "உடட்டா?" என்றேன். "உடுங்க" என்றான். "ஏழு" என்றான் மருமகன். எட்டு. ஒன்பது. ஒன்பதில் தண்டு தளர்ந்து விரலால் சுற்றுகிற மாதிரி வந்துவிட்டது. இறங்கி இருவரும் புல்லில் இருந்தோம். தம்பியின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தா. என் கை நடுங்கிக் கோப்பை தட்டில் சத்தம் போட்டது. குறடு பிடித்த நடுக்கம் என்று அவ நினைத்திருப்பா.

பிறகு வேலை ஓடியது. சுவரோடு பிடித்திருந்த தண்டவாளத்தின் முனை ஆணியைக் கழற்றி, துணியை அதிலிருந்து வழுக்கி எடுத்தோம். வலப்பக்கத்து ஆணி ஒன்று கழல மறுத்தது. அலுமினியத்தில் துருப்பிடிக்காத உருக்கு ஆணி. உப்பு ஈரத்தில் இந்த இரண்டு உலோகமும் ஒட்டி இருந்தால் அலுமினியம் மெல்ல அரித்து வெள்ளை மாவாகி ஆணியை இறுக்கிவிடும். நம்ம கடற்கரைப் பக்கத்து ஜன்னல்களில் தினமும் பார்க்கிற காட்சி. துளைத்து எடுத்தோம். புதிய ஆணிக்கு, உலோகங்கள் நேரே தொடாமல் இருக்க இடையில் ஒரு பசை பூசிப் போட்டோம்.

குழாயை இரண்டு மரக்குதிரையில் கிடத்தி மூடியின் ரிவெட்டைத் துளைத்துக் கழற்றி, துணியைக் குழாயின் பள்ளத்திலிருந்து உருவி, முற்றத்தில் விரித்தோம். அப்போதுதான் விளங்கியது, துணி கிழியவே இல்லை. நூல்தான் உக்கியிருந்தது. துணி அக்ரிலிக் நெசவு. மருதமுனை நெசவுக்காரரிடம் காட்டினால் பாவையும் ஊடையையும் தடவிப் பார்த்தே நல்ல துணி என்று சொல்லிவிடுவார். இந்தத் துணி பல வருடம் வெயில் தாங்கும். மூன்று துண்டு சேர்த்துத் தைத்த இடத்து நூல் அவ்வளவு தாங்காது. காற்று அடித்தபோது விட்டுக்கொடுத்தது அந்த இரண்டு தையலும், சுவர்ப் பக்கத்துக் கயிறு போகிற மடிப்பில் ஒரு மீற்றரும்தான். தம்பி ஐந்து வாரமாய்ப் "படங்கு போச்சு" என்று நினைத்துக்கொண்டிருந்தான். படங்கு போகவில்லை. நூலை மாற்றினால் போதும்.

வெயில் தாங்குகிற பொலியெஸ்டர் நூல் வாங்கினோம். வாப்பாவின் கைத்தோலை மாட்டினேன். என் கைக்கு அது கொஞ்சம் பெரிது. வாப்பா சொல்லுவார், பழைய தையலைத் திரும்பத் தைக்கும்போது பழைய துளையிலேயே ஊசியை விடு, புதுத் துளை போட்டால் துணி அந்தக் கோட்டில் முத்திரை மாதிரிக் கிழியும் என்று. ஒரு தையல் 2.4 மீற்றர், இரண்டு வரி. இரண்டு தையல், பிறகு அந்த மடிப்பு. ஒன்றரை நாள் எடுத்தது.

முதல் நாள் பின்னேரம் தம்பி பக்கத்தில் வந்து குந்தினான். மெழுகுக் கட்டியை எடுத்து நூலுக்குப் பூசத் தொடங்கினான். "எனக்கு ஒரு நாளும் தரல்ல வாப்பா" என்றான். "உன்ட விரல் நோகும் எண்டு" என்றேன். கட்டுப் போட்ட விரலைப் பார்த்துச் சிரித்தான். கொஞ்ச நேரத்தால், "கடைசி நேரத்தில என்ன சொன்ன?" என்று கேட்டான். மூன்று வருடத்துக்குப் பிறகு கேட்கிறான். நான் சொன்னேன். மருந்துக் கணக்கிலிருந்து கடைசி மூச்சு வரைக்கும் எல்லாம் சொன்னேன். "தம்பி எடுத்தானா" என்று வாப்பா இரண்டு தடவை கேட்டதையும் சொன்னேன். அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவன் நூலுக்கு மெழுகு பூசிக்கொண்டே இருந்தான். தேவைக்கு மேலேயே பூசினான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பப் பூட்டும்போது மூன்று விஷயம் கவனித்தோம். தண்டவாளத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, வாய் நசிந்த இடத்தை ஸ்க்ரூட்ரைவரால் மெல்ல விரித்து, உலர்ந்த சிலிக்கன் ஸ்ப்ரே அடித்தோம். எண்ணெய் அடிக்கக் கூடாது, மண் பிடித்து இன்னும் இறுகும். துணியை ஒருவர் இழுக்க ஒருவர் ஊட்ட வேண்டும். ஒருவர் மட்டும் இழுத்தால் புதுத் தையல் மறுபடி போகும். கடைசியாக ஸ்பிரிங். இரண்டு பக்கமும் அதே 9 சுற்று. ஒரு பக்கம் கூடினால் துணி கோணலாய்ச் சுருளும். இரண்டு முனையும் எதிர் எதிரே பார்ப்பதால், நமக்கு முன்னால் நின்று பார்க்கும்போது இடப்பக்கம் ஒரு திசையும் வலப்பக்கம் மற்றத் திசையுமாய்த் தெரியும். கழற்றும்போதே அம்புக்குறி போட்டு வைத்தது அப்போதுதான் உதவியது. முறுக்கும்போது எண்ணியவன் தம்பி. நான் விட, அவன் பிடிக்க, அவனே எண்ணினான்.

டிசம்பர் 26ஆம் திகதி கடற்கரைக்குப் போனோம். அந்தத் திகதி நமக்கு என்ன என்று நான் எழுதத் தேவையில்லை. 20 வருடம். தம்பி கொக்கிக் கம்பால் இழுத்தான். படங்கு சத்தமில்லாமல் விரிந்தது. மழை வந்தால் தண்ணீர் தேங்காமல் வழிய ஒரு பக்கக் கையைக் கொஞ்சம் தாழ்த்தினோம். அதற்குக் கீழே இருந்து வாப்பாவுக்கும், அன்று போனவர்களுக்கும் துஆச் செய்தோம். மத்தியானம் காற்று எழும்பியது. யாரும் சொல்லாமலே மருமகன் எழுந்து போய்ப் பூட்டைத் திருப்பிப் படங்கைச் சுருட்டினான். காற்றுக்கு விரித்துவைத்துவிட்டு நடக்கப் போகக் கூடாது என்று அந்தக் குடும்பத்துக்கு இப்போது தெரியும்.

இனி நான் உங்களிடம் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

2021 செப்டம்பரில் இதே பக்கத்தில் நான் ஒரு பதிவு போட்டேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு பெற்றோரின் ஜனாஸாவுக்கும் வராத பிள்ளைகளைப் பற்றி. பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, ஊருக்கே விளங்கியது. நிறையப் பேர் பாராட்டினீர்கள், பகிர்ந்தீர்கள். "சரியாச் சொன்னீங்க சேர்" என்று எழுதினீர்கள். தம்பி அதை வாசித்திருக்கிறான். அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறான். ஒரு பதில்கூட அவன் எழுதவில்லை.

அந்தப் பதிவு பிழை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். இன்று அதை அழித்துவிட்டேன். அழித்தால் மட்டும் போதாது, எழுதின இடத்திலேயே பிழை என்று சொல்ல வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். அன்று அதைப் பகிர்ந்தவர்கள் இதையும் பகிர்ந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

இப்போது கடைக்கார உறவுகளுக்கு. உங்கள் ஷட்டரின் மேல் தண்டுக்குள் இருப்பதும் இதே மாதிரி ஸ்பிரிங்தான். ஷட்டர் கீழே இறங்க இறங்க அது முறுகும். அந்தப் பலத்தால்தான் ஒரு கையால் உங்களால் ஷட்டரை உயர்த்த முடிகிறது. ஷட்டர் இறுகினால் பக்கத்துத் தண்டவாளத்தைத் துப்பரவு செய்யுங்கள், நசிந்த தகடு இருந்தால் பாருங்கள். மேல் தண்டின் நட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். அதைத் தொழிலாய்ச் செய்கிறவரைக் கூப்பிடுங்கள். கடைக்கு வேலைக்கு வருகிற பொடியன்களை ஸ்டூலில் ஏற்றாதீர்கள். அவன் விரலுக்கு ஒரு நட்டின் விலை இல்லை.

அந்தத் தரம் 10 பொடியன் அடுத்த நாள் வகுப்பில் கை உயர்த்திக் கேட்டான். "சேர், அது மூடித்தானே இருந்த, பிறகென்ன?" நல்ல கேள்வி. பாடத்தை விட்டுவிட்டு ஒரு பழைய கைக்கடிகாரத்தைத் திறந்து ஸ்பிரிங்கைக் காட்டினேன். மூடியிருக்கிற சாமானுக்குள் முறுக்கு இல்லை என்று நினைக்காதே, திறக்க வேண்டி வந்தால் தனியே திறக்காதே, பிடித்துக்கொண்டு எண்ணி எண்ணி விடு என்று சொன்னேன். எழுதிக்கொண்டான்.

நேற்றிரவு தம்பி கோல் எடுத்தான். விரல் கட்டு அவிழ்த்துவிட்டார்களாம், கொஞ்சம் வளைந்துதான் இருக்கிறதாம். உம்மாவிடம் கேட்டேன், அவனுக்கு விரல் உடைந்தது உங்களுக்கு முன்னமே தெரியுமா என்று. "தெரியாமலா உன்ன அனுப்பின?" என்றா.

வஸ்ஸலாம்.